தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடம்

நசருல்லா சாயபுவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் மனைவி ஃபகருன்னிசா, இன்றைக்கு மண்டியில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்வாள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு புளி மண்டியில் ஒன்பது வருடம் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதியவர் அவர். அந்த ஒன்பது வருடத்தில் மண்டிக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள் ஒன்றுகூட இல்லை. "ஏ துலுக்கா, அந்தச் சீட்டை எடு" என்பார். வாய் கூசாமல் சொல்வார், பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்வார்.

ஒரு நாள் வெளியூர் வியாபாரிகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொன்னார். நசருல்லா சீட்டை எடுக்கவில்லை.

"எங்கப்பா எனக்குப் பேருன்னு ஒண்ணு வெச்சிருக்கறாருங்க. அது வாயில வரலைன்னா சாயபுன்னு சொல்லுங்க. பாய்னு சொன்னாலும் சரி" என்றார்.

மண்டிக்காரர் சிரித்தார். வியாபாரிகளும் சிரித்தார்கள். நசருல்லா பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். சோற்றுக்கு என்ன வழி என்று ஃபகருன்னிசா அன்றைக்குக் கேட்கவில்லை. ஏழு மாதம் பொறுத்துத்தான் கேட்டாள்.

தென்பெண்ணையில் அணை எழுந்துகொண்டிருந்த காலம் அது. அணைக்கும் ரோட்டுக்கும் கல் வேண்டும் என்று சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பாறைகளை உடைத்தார்கள். ராயக்கோட்டைக்கு வடக்கே ஒரு கரட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த காண்டிராக்டருக்கு, காலையில் ஆள் கணக்கு எடுக்க ஒரு ரைட்டர் தேவைப்பட்டார். கையெழுத்து மணிமணியாக இருந்ததால் நசருல்லாவுக்கு வேலை கிடைத்தது. கொட்டகையின் ஓரத்தில் மேஜை, அதன் மேல் மஸ்டர் நோட்டு, மைக்கூடு. காலை ஆறு மணிக்கு அவர் பெயர் வாசிப்பார். பெயருக்குரியவர் "ஆஜர்" என்பார். பெயர் வாசித்து முடிந்த பிறகுதான் சம்மட்டி எழும்.

மஸ்டர் நோட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர். முதல் நாள் நூற்று முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறுகிறது, லாரி நிற்கிறது, காண்டிராக்டர் கத்துகிறார். ஒருவர் தெலுங்கில் சொல்கிறார், அடுத்தவர் கன்னடத்தில், அதற்கடுத்தவர் தமிழில். அந்தப் பக்கத்தில் வெங்கடப்பன் என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துத் தலை திரும்பும். திருப்பதி சாமி மூன்று பாஷைக்காரருக்கும் சொந்தம் அல்லவா. நசருல்லா இரண்டு பேர் வரைக்கும் தகப்பன் பெயர் கேட்டார். மூன்றாவது ஆளுக்குப் பொறுமை போய்விட்டது. கன்னடம் பேசியவருக்குத் தகப்பன் பெயர்க் கட்டத்தில் கன்னடத்தான் என்று எழுதினார். தமிழ் பேசியவருக்குக் கொங்கன் என்று எழுதினார். கன்னடக்காரர்கள் தமிழரை மட்டம் தட்டச் சொல்லும் வார்த்தை அது. தெலுங்கு பேசியவருக்கு வடுகன் என்று எழுதினார். ஒரே கூட்டமாக வந்தவர்களுக்கு, முதல் ஆளுக்கு மட்டும் எழுதி, கீழே வரிசையாக மேற்படி, மேற்படி என்று இறக்கிவிட்டார். ஊர்க் கட்டத்திலும் அதே மேற்படிதான்.

சோம்பேறித்தனம்தான். ஆனால் சோம்பேறிக்குக்கூட நெட்டை, குட்டை, மீசை, வழுக்கை என்று எத்தனையோ கிடைத்திருக்கும். ஒரே ஒரு சொல்லால் ஒன்பது வருடம் வெந்தவர், தேடிப் பிடித்து அதே ரகச் சொற்களை எடுத்து மற்றவர் தலையில் ஒட்டினார். இதில் அவருக்கு ஓர் அல்ப சந்தோஷமும் இருந்தது. தன் முதுகுக்குப் பின்னால் கூலிக்காரர்கள் 'துலுக்க ரைட்டர்' என்று சொல்வது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அப்படி எட்டிய மறுநாள் காலையில் அவர் குரல் இன்னும் கொஞ்சம் ஓங்கும்.

ஐம்பத்தாறாம் வருடம், ஆனி மாதம். எந்தத் தாலுகா எந்த மாநிலத்துக்குப் போகும் என்று ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வரை டீக்கடைதோறும் வாய்ச்சண்டை. தெலுங்கு பேசினால் ஆந்திராக்காரன், கன்னடம் பேசினால் மைசூர்க்காரன் என்று புதுசாக ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் ஏறியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதத் தொடக்கத்தில் ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் பக்கத்திலிருந்து தெலுங்குக்காரர்கள் பதினொரு பேர் கல் வேலைக்கு வந்தார்கள். பன்னிரண்டாவதாக அவர்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் நின்றவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் வெங்கடப்பன் என்றார். நசருல்லா நிமிர்ந்து பார்க்காமல் பன்னிரண்டாவது மேற்படியைப் போட்டார். மறுநாளிலிருந்து அவர் 'வடுகன் வெங்கடப்பன்' ஆனார்.

உண்மையில் அவர் ஊர் உத்தனப்பள்ளி தாண்டி, குவாரியிலிருந்து நாலு மணி நேர நடை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த விவசாயி. இரண்டு வருடமாக மழை பொய்த்துப் போனதால் கல் உடைக்க வந்தவர். அதிகம் பேச மாட்டார். குப்பத்துக்காரர்களோடு சாப்பிடுவார், கொட்டகை ஓரத்தில் தனியாகப் படுத்துக்கொள்வார். மூன்றாவது வாரம் அந்தப் பதினொரு பேரும் ஊரில் கோயில் ஜாத்திரை என்று புறப்பட்டுப் போனார்கள். இவர் மட்டும் இருந்தார். அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், காலையில் வெடிக்காமல் தங்கிப்போன வேட்டு ஒன்று, அவர் பக்கத்தில் பாறையில் துளை போடத் தமர் அடித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. மேஸ்திரி ராஜப்பனும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொட்டகைக்கு வருவதற்குள் உயிர் போயிருந்தது. ஓரமாகக் கிடத்தித் தார்ப்பாயால் மூடினார்கள்.

ராஜப்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். "இவரு எந்த ஊருன்னு பாருங்க ரைட்டரே. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும்."

நசருல்லா நோட்டைத் திறந்தார். விரல் மேற்படி, மேற்படி என்று ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போய்க் கடைசியில் குப்பத்தில் நின்றது. "குப்பம் பக்கம். வடுகன்" என்றார். ஒரு ஆளைக் கிருஷ்ணகிரிக்கு லாரியில் ஏற்றி, அங்கிருந்து பஸ் பிடித்துக் குப்பம் போகச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலையில் மணியக்காரரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெயில் கடுமையாக இருப்பதால் சீக்கிரம் அடக்கம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராஜப்பன் ஒப்பவில்லை.

"மூணு மணி வரைக்கும் பாப்பமுங்க. பொண்டாட்டி புள்ளைங்க மொகத்தப் பாக்கணும், வாய்க்கரிசி போடணும். அதுகூட இல்லாம மண்ணத் தள்றது பாவம்" என்றார்.

நசருல்லாவுக்கும் அது சரியென்றே பட்டது. தன் தகப்பனார் மவுத்தானபோது மூன்று பிடி மண் போட்ட கை அவருடையது. அந்த மூன்று பிடி போடாமல் போயிருந்தால் இன்றுவரை தூக்கம் வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவரும் கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். குவாரியே அந்த ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உத்தனப்பள்ளி ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் தலையில் துணி மூட்டையோடு வந்ததை, அவள் மேஜைக்கு எதிரில் வந்து நிற்கும்வரை யாரும் பார்க்கவில்லை.

அவள் யார் என்பதை ஒளித்து வைத்துச் சொல்வதற்கு இது விளையாட்டுக் கதை இல்லை. அவள் சம்பங்கி. தார்ப்பாயின் கீழே கிடந்தவரின் மனைவி.

"சாயபு, எங்கூட்டுக்காரரப் பாக்கணுங்க. இங்க கல்லு வேலைக்கு வந்துகிறாரு" என்றாள்.

சாயபு என்று அவள் சொன்னதிலேயே நசருல்லாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பேரு என்னம்மா?" என்றார்.

அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். "அத நான் எப்படிங்க சொல்றது. திருப்பதி மலை மேல நிக்கற சாமி பேரு."

"வெங்கடப்பனா?"

தலையை ஆட்டினாள். நசருல்லாவுக்கு ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது. "இங்க மூணு வெங்கடப்பன் இருக்காங்கம்மா. தகப்பன் பேரு?"

"மாமனாரு பேரயும் சொல்லக் கூடாதுங்களே. புல்லாங்குழல் ஊதற சாமி பேருங்க."

கிருஷ்ணப்பன் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம். நோட்டைத் திறந்தார். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிருஷ்ணப்பனும் இல்லை, வேறு எந்த அப்பனும் இல்லை. கன்னடத்தான், கொங்கன், மேற்படி. மூன்று வரிகளையும் பார்த்தார். எதிரில் நிற்பவளைப் பார்த்தார். அவள் பேசியது நல்ல தமிழ். அப்படியென்றால் இவள் கொங்கனின் பெண்டாட்டி. நெஞ்சில் எழுந்த திக் அடங்கிவிட்டது.

மேஜை போட்டு, பேனா பிடித்து உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பக்கத்து ஜனங்கள் தமிழில்தான் பேசுவார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸில் தமிழ். பிறந்தது முதல் அதிலேயே ஊறியவர் நசருல்லா. புளி மண்டியில் அவரே ஒரு நாளைக்கு மூன்று பாஷை பேசியவர். அன்றைக்கு அது அவர் நினைவுக்கு வரவில்லை. உன் ஊர் எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுப் பழக்கமில்லை. பின்னாளில் ராயக்கோட்டைச் சந்தையில் சீட்டு எழுதும் வேலைக்குப் போனபோது, கூடையோடு வருகிற ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டு, தகப்பன் பெயர் கேட்டு, "உங்க ஆளுங்கள எப்படிச் சொன்னா மரியாதைங்க" என்றும் கேட்டு எழுதுவார். பொழுதைப் போக்குகிறார் என்று வியாபாரிகள் கேலி பேசுவார்கள். பின்னாளில்.

"மேல் குழியில இருக்கறாரும்மா. நல்லாத்தான் இருக்கறாரு. வேட்டு போட்டு வெச்சிருக்கறதால பொம்பளைங்க அங்க போகக் கூடாது. சாயங்காலம் எறங்கி வருவாரு, அந்தப் புங்கமரத்தடியில உக்காரு" என்றார். காலையிலிருந்து சாவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு பெண்ணிடம் நல்ல சேதி சொன்னது ஆறுதலாகக்கூட இருந்தது.

சம்பங்கி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது. "ஞாயித்துக்கெழம எங்க பக்கம் நல்ல மழைங்க. ஏர் ஓட்டிக் கேவுரு வெதைக்கணும். கையோட கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்" என்றாள்.

மத்தியானம் ஆயிற்று. சரிவில் இரண்டு பேர் குழி வெட்டும் சத்தம் கேட்டது. தார்ப்பாயை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அங்க யாருங்க?"

"நேத்து வேட்டுல ஒருத்தன் போயிட்டாம்மா. எவனோ வடுகன், ஆந்திராக்காரன். ஆளு அனுப்பியிருக்கோம், இன்னும் காணோம்."

வடுகன் என்ற சொல் கேட்டதும் சம்பங்கியின் முகம் சுருங்கியது. அவளும் அதே பாஷையில் பிறந்தவள்தானே. தெலுங்குக்காரர் ஒருவர் இறந்துவிட்டார் என்று நசருல்லா சொல்லியிருந்தால், நாங்களும் தெலுங்குக்காரங்கதானுங்க, எந்த ஊர்க்காரரு, என்ன பேரு என்று அவள் கேட்டிருப்பாள். இரண்டு கேள்வியில் எல்லாம் வெளியே வந்திருக்கும். எவனோ வடுகன் என்று சொல்லுகிற மனிதரிடம், நானும் அதுதான் என்று யார் வாயைத் திறப்பார்கள். அவள் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். நாக்கில் நரம்பில்லாமல் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்கு அந்தக் கடைசி வழியையும் அடைத்துவிட்டது.

"பாவம்" என்று மட்டும் சொன்னாள். "அவரு பொண்டாட்டிக்குத் தெரியுமோ தெரியாதோ."

மூன்று மணி அடித்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் யாரும் வரவில்லை. ராஜப்பன் இன்னும் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொல்லி, உறவு முறை எதுவுமில்லாத அவரே வாய்க்கரிசி போட்டார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். அவர்கள் புங்கமரத்தைத் தாண்டிப் போகும்போது சம்பங்கி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். இறந்தவரின் முகம் துணியால் மூடியிருந்தது. நசருல்லாவும் எழுந்து நின்றார்.

மேல் குழியில் வேலை செய்தவர்கள் ஐந்து மணிக்கு இறங்கினார்கள். நசருல்லா தூரத்திலேயே கை காட்டிக் குரல் கொடுத்தார்.

"ஏ கொங்கா, இங்க வா. உன் சம்சாரம் காத்தாலேருந்து காத்துக்கினு இருக்குது பாரு."

வந்தவர் சிங்காரப்பேட்டை வெங்கடப்பன். ஐம்பது வயது, நரைத்த மீசை. சம்மட்டியைக் கீழே வைத்தார். "எனக்கேது சம்சாரம் ரைட்டரே. அவ போயி ஆறு வருசமாச்சே" என்றார்.

சம்பங்கி எழுந்திருந்தாள். "இவரு இல்லீங்க" என்றாள். இன்னும் சிரித்த முகம்தான். அவருக்குப் பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கன்னட வெங்கடப்பன் வந்தான், இருபது வயதுப் பையன். அவனும் இல்லை. கடைசி ஆளும் இறங்கி வந்து தொட்டியில் கை கழுவப் போய்விட்டான்.

"எங்கூட்டுக்காரரு பின்னால வராருங்களா சாயபு?"

நசருல்லா நோட்டை மூடி வைத்தார். ராஜப்பன்தான் அவள் பக்கத்தில் வந்து, மெதுவாகத் தெலுங்கில் அவள் ஊரைக் கேட்டார். அவள் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். ஊரைச் சொன்னாள், கணவர் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளைச் சொன்னாள், இடது புருவத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பைச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு சரிவைப் பார்த்தாள்.

புது மண் மேல் விழுந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் வாயில் வராத பெயர். வெங்கடப்பா, வெங்கடப்பா என்று, தூங்குகிறவரை எழுப்புவது போலக் கூப்பிட்டாள். தோண்டுங்க, ஒரு தடவை மொகத்தப் பாக்கறேன் என்றாள். மண் போட்ட பிறகு தோண்டக் கூடாதும்மா என்று ராஜப்பன் அழுதுகொண்டே சொன்னார். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

வெகு நேரம் கழித்து எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். நசருல்லா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அவள் தன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. தலைமுடியைப் பிடித்து உலுக்கினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"காத்தால பேரு படிக்கறது நீங்கதானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவர என்னன்னு கூப்புடுவீங்க?"

வெங்கடப்பன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் காது மடல் சிவந்தது, கோபம் யார் மேல் என்று அவருக்கு மட்டும் தெரியும். "வடுகன் வெங்கடப்பன்னு" என்றார்.

"அதுக்கு அவரு என்ன சொல்வாரு?"

"ஆஜர்னு சொல்வாரு."

"தெனமுமா?"

"தெனமும்."

சம்பங்கி அவிழ்க்காத மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஊட்டுல ரொம்பக் கோவக்காரருங்க" என்றாள். "ஒரு வார்த்த பொறுக்க மாட்டாரு."